இரு நாடுகளுக்கு ஒரே வாக்கியம்

வல்லரசு அன்றைக்கு அழுதுகொண்டே மாடியேறி வந்தான். மாநாட்டில் முதலில் பேசவேண்டியது அவன்தான் என்று அறிவிப்பு வந்துவிட்டதாம். எதிரே நாய்க்குட்டி வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிற பிள்ளை. அவனுக்குப் போய் உலகத்தையே உருட்டி மிரட்டுகிற நாட்டைக் கொடுத்து வைத்திருந்தார்கள். மூக்கை உறிஞ்சியபடி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன்னுடைய அறிக்கை தயாராகிவிட்டதா என்று கேட்டான். அறிக்கை அவனுடையதுதான். எழுதுகிறவன் நான்.

எங்கள் பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிடைத்த நாடுதான் பெயர். தீவு, பாலைவனம், வல்லரசு, பாதி வல்லரசு என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாணவர் தூதர் மாநாடு என்று பெரிய பள்ளிகள் வருஷாவருஷம் நடத்துகின்றன. பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாட்டின் தூதராக உட்கார்ந்து, உலகப் பிரச்சினை ஒன்றைப் பேசித் தீர்க்கவேண்டும்; நன்றாகச் செய்தவருக்கு நடுவர்கள் கோப்பை கொடுப்பார்கள். அதற்கு முன்பே ஒவ்வொரு தூதரும் நிலைப்பாட்டு அறிக்கை ஒன்றை அனுப்பியாகவேண்டும். இந்த விஷயத்தில் என் நாடு என்ன நினைக்கிறது, ஏன் அப்படி நினைக்கிறது, மற்றவர்கள் என்ன செய்யவேண்டும் என்று இரண்டு பக்கம். பிள்ளைகள் தாங்களே எழுதவேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கு நேரமில்லை, பெற்றவர்களுக்கு அதைவிட நேரமில்லை. அதனால் எங்கள் கடை நடக்கிறது.

கடை என்றால் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி. சுவரில் கைகுலுக்குகிற இரண்டு கைகளின் படம், யாருடைய கைகளோ. என் பதவியின் பெயர் வழிகாட்டி. முன்பு நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். நான் பத்திரிகையை விட்டேனா பத்திரிகை என்னை விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இப்போது அந்தப் பத்திரிகையே இல்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

வேலை கஷ்டமா என்று கேட்பார்கள். எழுதுவது கஷ்டமில்லை, பிள்ளை எழுதியதுபோல் எழுதுவதுதான் கஷ்டம். தீவு எப்போதும் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவிவிடுவாள். அவள் அறிக்கையில் நானும் தாவவேண்டும். பாலைவனத்துக்குப் பெரிய வார்த்தைகள் மேல் ஆசை. அவற்றைத் தப்பான இடத்தில் போடவேண்டும். நன்றாக எழுதிவிட்டு, பிறகு உட்கார்ந்து அளவாகக் கெடுப்பேன். அதிலும் ஒரு கமிட்டியில், அதாவது ஒரே விஷயத்தைப் பேசுகிற குழுவில், எங்களிடம் வருகிற அத்தனை நாடுகளுக்கும் ஒரே ஆள் எழுதவேண்டும் என்பது எங்கள் டைரக்டரின் ஏற்பாடு. காலையில் தீவாக இருந்து வல்லரசைத் திட்டுவேன். டீ குடித்துவிட்டு வந்து வல்லரசாகி அந்தத் திட்டுக்குப் பதில் சொல்வேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, எனக்கென்று எந்த விஷயத்திலும் ஒரு கருத்து இருப்பதாக நினைவிருக்காது.

டைரக்டர் என்றதும் சினிமாக்காரர் என்று எண்ணவேண்டாம். நிலையத்துக்குச் சொந்தக்காரர், அப்படிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். எதிலும் சிக்கமாட்டார், கழுவுற மீனில் நழுவுற மீன். அவர் கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. எந்த அறிக்கையிலும் ஓர் இடத்தில் நடுவர் நிமிர்ந்து உட்காரவேண்டும், அதற்கு ஒரு உயிர் வரி வேண்டும் என்பார். புள்ளிவிவரம் எல்லோரும் போடுவார்கள், உயிர் வரி போட்டவனுக்குத்தான் கோப்பை. எல்லாம் முடிந்து களைத்துக் கிடக்கிற நேரத்தில் என் தோள்பக்கம் வந்து நின்று, "உயிர் இருக்கா?" என்று கேட்பார். அறிக்கையைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தாலும் எனக்கு ஒருமுறை பக்கென்று இருக்கும்.

இந்த வருஷத்து விஷயம் வேலை நேரம். உலகம் முழுவதும் ஒரு மனிதரை ஒரு நாளைக்கு இவ்வளவு நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்று வரம்பு போடலாமா என்பது கேள்வி. ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மா சொன்னதில்லை. சாப்பாட்டு டப்பாவை விசைப்பலகைக்குப் பக்கத்தில் திறந்து வைத்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, ஓய்வு மனித உரிமை என்று இன்னொரு கையால் அடித்துக்கொண்டிருந்தேன்.

இதே மாநாட்டுக்கு என் மகளும் போகிறாள் என்பதைச் சொல்லவேண்டும். அவள் படிப்பது சாதாரணப் பள்ளி. இந்த வருஷம்தான் அவர்களுக்கு முதல்முறையாக ஒரே ஒரு இடம் கிடைத்தது. அதற்குப் பள்ளியே போட்டி போட்டு, இவள் தேர்வானாள். கிடைத்த நாடு, துணி தைத்துக் கொடுத்தே வயிற்றைக் கழுவுகிற ஒரு சின்ன நாடு. செய்தி தெரிந்த அன்றைக்கே என்னிடம் வந்து ஒப்பந்தம் பேசினாள். நான் அவளுடைய அறிக்கையைப் பார்க்கக்கூடாது, அவளும் என் வேலையைப் பற்றிக் கேட்கமாட்டாள். "உங்ககிட்ட எழுதி வாங்கினவங்களோட நான் மோதணும்ப்பா. அதுக்கு என்னோடது என்னோடதா இருக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பெரிய மண்டபத்தில், மைக்குக்கு முன்னால், தான் எழுதியதைத் தானே பேசவேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவளுக்கு வேறெந்த நினைப்பும் இல்லை.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. அதைவிட, ஒரு அறிக்கை குறைந்தது என்ற நிம்மதி இருந்தது; பொய் சொல்வானேன்.

என் மனைவி ஆன்லைனில் வாங்குகிற சாமான்களைக் கட்டி அனுப்புகிற கிடங்கில் வேலை பார்க்கிறாள். காலுக்குப் பாதுகாப்பு என்று முன்னால் இரும்பு வைத்த ஷூ கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க அலமாரிகளுக்கு நடுவே நடக்கவேண்டும். மகளை அவள் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவாள். வக்கீலம்மா அடுக்களை மேடையில் நோட்டை வைத்து எழுதுவாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் மூடிவிடுவாள். எழுதியதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். நான் ஹாலில் மடிக்கணினிக்கு முன்னால் இருப்பேன். அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பேன். நிமிர்ந்து பார்க்காமலேயே இடத்துக்குத் தகுந்தபடி மூன்று நான்கு விதமாக "ம்" சொல்ல எனக்கு வரும். செவிடன் காதில் ஊதின சங்கு என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். அதற்கும் "ம்" என்றிருக்கிறேன்.

ஒருநாள் மாலை மனைவி வேலை முடிந்து வந்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் போய் நின்றாள். நான் பாதி வல்லரசின் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன். மகள் தாழ்ந்த குரலில் எதையோ சொன்னாள்; பிறகு கொஞ்சம் மாற்றி இன்னொரு முறை சொன்னாள். நான் "ம்" என்றேன். என்ன சொன்னாள் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வல்லரசு அழுதுகொண்டு வந்தது அதற்கு மறுநாள். அவனுடைய அறிக்கை முழுக்க முடிந்திருந்தது. உயிர் மட்டும் இல்லை. வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று வாதாடுகிற பணக்கார நாடு அது. எதைப் போட்டாலும் பணக்காரன் ஏழைக்குப் பாடம் சொல்வதுபோல் இருந்தது. பையனிடம், உன் வீட்டில் யாராவது களைத்துப்போய் வருவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, அப்பா விமானத்தில் வருவார், வந்ததும் தூங்குவார் என்றான். அது உதவாது. டைரக்டர் தோள்பக்கம் வந்து நின்றார். அப்போது என் கைகள் தாமாகவே இரண்டு வாக்கியங்களை அடித்தன. அடித்து முடித்ததும் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. டைரக்டர் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். பத்திரிகை வேலை முடிந்த பிறகு, நான் எழுதிய எதையும் பார்த்து எனக்கே சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான். இன்னும் செத்துப் போய்விடவில்லை என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மாநாட்டுக்கு முதல் நாள் மதியம் தொலைபேசி வந்தது. மாநாடு நடத்துகிற பள்ளியின் பொறுப்பாசிரியை பேசினார். என் மகள் அனுப்பிய அறிக்கையில் இன்னொரு மாணவருடைய அறிக்கையிலிருந்து வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன, கணினி கண்டுபிடித்திருக்கிறது, அந்த மாணவர் முன்னதாகவே அனுப்பிவிட்டார், உங்கள் மகள் இங்கேதான் இருக்கிறாள், உடனே வாருங்கள் என்றார். எந்த நாடு அந்த இன்னொரு மாணவர் என்று கேட்டேன். அவர் சொன்னார். அது எங்கள் வல்லரசு.

டைரக்டருக்கு எனக்கு முன்பே செய்தி போயிருந்தது. மாடிப்படியில் என்னை நிறுத்தி, நிதானமாகப் பேசினார். அந்த வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டால் தெரிந்துகொள்ளவேண்டி வருமே. போய்ப் பணிவாக நின்று, பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்துவிடு, அவர்களும் பெரிதாக்கமாட்டார்கள் என்றார். நான் அடுத்த படியில் காலை வைத்ததும், "உங்க பொண்ணு ரெண்டு நாள் அழும், அப்புறம் மறந்துடும். இந்தக் கடை ஒரு தடவை மூடினா மறுபடி திறக்காது" என்றார். அதில் பொய் இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். இந்த வேலை போனால் என் மனைவி இன்னொரு ஷிப்டு சேர்த்துப் பார்க்கவேண்டும். வேறு வழி எங்கள் வீட்டில் கிடையாது.

அந்தப் பள்ளியின் நூலகத்தில்தான் விசாரணை. வெளியே பெஞ்சில் வல்லரசு கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் நல்ல பிள்ளையாக எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றான். கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மகள் திரும்பி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை. திரும்பி மேசையைப் பார்த்துக்கொண்டாள்.

பொறுப்பாசிரியை கெட்டவர் இல்லை. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கின பாதங்களைத் தரையில் வைத்திருந்தார். மறுநாள் மாநாட்டை வைத்துக்கொண்டு தலைக்குமேல் வேலை. இரண்டு அறிக்கைகளையும் என் பக்கம் தள்ளி, கோடு போட்ட இடத்தை அவரே படித்தார்.

காலையில் வேலைக்குப் போவது ஒரு மனிதர், மாலையில் வீடு திரும்புவது அவருடைய மிச்சம். ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, அடுத்ததைக் கழற்ற மறந்து, நாற்காலியிலேயே தூங்கிவிடுகிற அந்த மிச்சத்தோடுதான் பிள்ளைகள் வாழ்கிறார்கள்.

ஒற்றை ஷூவோடு நாற்காலியில் தூங்குகிற என் மனைவியை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்த்து, ஷூவைக் கழற்றியும் விட்டிருக்கிறேன். அப்படி ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றியதில்லை. அவர் வாசிக்க வாசிக்க, அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே மகள் அதைச் சொல்லிப் பார்த்த குரல் என் காதில் கேட்டது. முதல்முறையாகக் கேட்டது. என் தலைக்குள் என்னுடையது என்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அவளுடையது.

வல்லரசின் அறிக்கை அந்த இடத்தில், ஆகவே வரம்பு வேண்டும் என்று முடிந்துவிட்டது. என் மகள் அதற்கு மேலே போயிருந்தாள். நேரத்தைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள், அதனால் வரும் நஷ்டத்தை எங்கள் துணியை உடுத்துகிற நாடுகள் ஏற்கட்டும் என்று எழுதியிருந்தாள். அத்தனை நாடுகளுக்கு எழுதிய எனக்கு அது வந்திருக்காது.

பொறுப்பாசிரியை சொன்னார், இரண்டு பக்கமும் பிள்ளைகள்தான், இதைப் பெரிதாக்க அவருக்கு விருப்பமில்லை. எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் அறிக்கையை விலக்கிக்கொண்டதாகப் போட்டுவிடலாம், பள்ளிக்குத் தகவல் போகாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் பள்ளிக்கு எழுதித்தான் ஆகவேண்டும். என் மகள் அவ்வளவு நேரமும் தானே எழுதியது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இப்போது என் முகத்தைப் பார்க்காமலே, "சரிங்க மேடம். எடுத்ததாவே வச்சுக்கோங்க" என்றாள்.

அதை அவள் யாருக்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். என் வேலைக்காக, அவள் அம்மாவின் இன்னொரு ஷிப்டுக்காக.  டைரக்டர் சொன்னபடி இப்போது நான் பணிவாக நின்றால் போதும். வேலை அதுவாகவே முடிந்துவிடும். ஒரு நொடி நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவ எடுக்கல மேடம்" என்றேன். "அந்தப் பையனோட பேப்பரை எழுதினது நான். என் பொண்ணு வீட்ல சொல்லிப் பார்த்ததை எடுத்து அதுல போட்டுட்டேன். அவளோடதுன்னு தெரியாமலே போட்டேன்."

எங்கே வேலை பார்க்கிறேன், என்ன வேலை என்று அவர் கேட்டார். சொன்னேன். இந்தக் கமிட்டியில் வேறு எந்தெந்த நாடுகளுக்கு எழுதினீர்கள் என்று கேட்டார். பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அதை மட்டும் சொல்லமாட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படுவதற்கு அவருக்கும் தெம்பில்லை. கொஞ்ச நேரம் இரண்டு அறிக்கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சார், நீங்க பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுக்கிறதையே தொழிலா வச்சிருக்கீங்க. ஊர்ப் பிள்ளைங்களுக்கு எழுதினவர் சொந்தப் பொண்ணுக்கு எழுதலன்னு நான் எப்படி நம்புறது?"

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது.   எந்த நாட்டுக்காகவும் வாதாடத் தெரிந்தவன், என் பிள்ளை தானே எழுதினாள் என்பதை நிரூபிக்க வழி தெரியாமல் நின்றேன். ஏதாவது கேட்டுப் பாருங்கள் மேடம், இப்போதே பேசிக் காட்டுகிறேன் என்று மகள் எழுந்தாள். அதற்கு விதியில் இடமில்லை, எழுத்தில் சந்தேகம் வந்தால் இரண்டு அறிக்கையும் தள்ளுபடி என்பதுதான் விதி என்றார் அவர். திருடியதாகப் பள்ளிக்கு எழுதமாட்டேன், வேண்டுமானால் நாளைக்குப் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம் என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மகள் நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே வல்லரசு இன்னும் பெஞ்சில் இருந்தான். அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு நான் பேசவேண்டாமா சார் என்று கேட்டான். வேண்டாம் என்றதும், பாவம், கோட்டுப் பொத்தானைக் கழற்றி மூச்சு விட்டான்.

மதியப் பஸ்ஸில் கூட்டமில்லை. மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். என் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. டைரக்டராகத்தான் இருக்கும், எடுக்கவில்லை.  மூன்று நிறுத்தம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே மகள் சொன்னாள். "நீங்க சும்மா இருந்திருந்தா நான் காப்பி அடிச்சவ. பேசினதால அப்பா எழுதிக் குடுத்த பொண்ணு. எதுப்பா பரவாயில்ல?"

 அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஆமாம், நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றாள். குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும், அவளுக்கு அந்த உரிமையாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஒரு நாள் முழுக்கச் சுமை தூக்கியவன்போல் இருந்தது.

பஸ் ஒரு சிக்னலில் நின்றது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு அம்மா பக்கத்துல நின்னு சொன்னேனே, அப்ப நீங்க கேட்டுட்டுத்தான் இருந்தீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஆமாம் என்று நான் சொல்லவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காத, "ம்" மட்டும் சொல்கிற அப்பா, அவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்றால், நடந்த இழப்பில் அவளுக்கு ஒரு லாபமாவது உண்டு. ஆமாம் என்பது எவ்வளவு சுலபமான வார்த்தை. அவளை இன்னொரு தடவை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா" என்றேன். "கேக்கல. எனக்கே தோணினதுன்னு நினைச்சேன்."

 அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பையைத் திறந்து நாளைக்குப் பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாளை எடுத்தாள். அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள், மனப்பாடமாகத்தான் இருந்தது.

"அப்ப இப்பக் கேளுங்க" என்றாள்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்று ஆரம்பித்தாள். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. மண்டபத்தில் பேசவேண்டிய குரலைப் பஸ்ஸுக்குத் தகுந்தபடி தாழ்த்தி, தன் சின்ன நாட்டுக்காகப் பேசினாள். தையல் மெஷின்களைப் பற்றிச் சொன்னாள், கப்பல் ஏறுகிற சட்டைகளைப் பற்றிச் சொன்னாள், ஒற்றை ஷூவோடு தூங்குகிறவளைப் பற்றிச் சொன்னாள். பாட்டரி தீர்ந்துபோன பொம்மைபோல் எனக்குக் கண்ணைச் சொக்கியது. இருந்தாலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் நிறுத்தம் வந்து போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பகுதியில் ஒரு வார்த்தை சரியில்லை, அதைவிட நல்ல வார்த்தை ஒன்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.